வீட்டு ஹாலில் வீணை, பாட்டு, மிருதங்கம்: இரண்டு மைக்கை எங்கே வைப்பது?

எக்ஸ்-ஒய், ஓ.ஆர்.டி.எஃப், ஏ-பி, மிட்-சைட் என்ற நான்கு ஸ்டீரியோ முறைகளில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கூடவே எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால் உங்களை உறுத்துவது வேறொன்று. பினாங்கு ஆயர் ஈத்தாமில் டெரஸ் வீட்டு ஹால். மகள் வீணை, அவளுடைய டீச்சர் பாட்டு, அண்ணன் மகன் மிருதங்கம். கையில் ஒரே மாடலில் இரண்டு சின்ன கார்டியாய்டு (முன்பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் குறைவாகவும் கேட்கும்) கண்டென்சர் மைக், அவற்றைக் கணினியோடு இணைக்க இரண்டு இன்புட் உள்ள இண்டர்ஃபேஸ். மைக்குகளை 1.2 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தி, ஆட்களுக்கு 2 மீட்டர் முன்னால் வைத்துப் பதிவு செய்தீர்கள். ஹெட்ஃபோனில் அகலமாக, அழகாக இருந்தது. ஈப்போவில் இருக்கும் பாட்டிக்கு அனுப்பினால், அவர் போனில் கேட்டுவிட்டு "வீணையில நாதமே இல்லையே, என்னாச்சு?" என்றிருக்கிறார். பாட்டி சொன்னது சரி. ஆக, கேள்வி இரண்டு: வீணையின் நாதம் போனில் எங்கே போனது? ஹெட்ஃபோனிலும் போனிலும் சரியாகக் கேட்க அதே இரண்டு மைக்கை எப்படி வைப்பது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் எந்த முறை என்பது தானாகவே தெளிந்துவிடும்.

நான் கோலாலம்பூரில் ஒலிப்பதிவு வேலை செய்கிறவன். அரங்கேற்றம், கோயில் கச்சேரி, பஜனைக் குழு, அவ்வப்போது ஸ்டூடியோவில் ஆல்பம் என்று பல வருடங்களாக இதுதான் பிழைப்பு. உங்கள் ஹாலில் நின்று ஒரு கைதட்டு தட்டிப் பார்க்காமல் அந்த ஹாலைப் பற்றி அடித்துச் சொல்ல முடியாது. மைக்குக்கும் ஒலிக்கும் நடுவில் நடப்பது கணக்கு, அதை அடித்துச் சொல்லலாம். எது இனிமை என்பது அவரவர் ருசி. அந்த இடம் வரும்போது இது என் ருசி என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. பார்ப்பவருக்கு நடுவில் பாட்டு, இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வீணை என்று வழக்கம்போல உட்கார்ந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வீணையின் குடம் வாசிப்பவரின் வலது பக்கம் தரையில் இருக்கும். அதாவது பாடுகிறவரை ஒட்டி. நடுக்கோட்டிலிருந்து குடம் ஒரு 65 செ.மீ தள்ளி இருந்தால், அதிலிருந்து வலது மைக்குக்கு 2 மீட்டர், இடது மைக்குக்கு சுமார் 2.36 மீட்டர். வித்தியாசம் 36 செ.மீ. நம் ஊர் முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. ஆகவே இடது மைக்குக்கு வீணை சுமார் ஒரு மில்லி செகண்ட் தாமதமாக வந்து சேரும். ஹெட்ஃபோனில் ஒரு காதுக்கு ஒரு மைக் என்பதால் அந்தத் தாமதம் "வீணை வலப்பக்கம் இருக்கிறது" என்ற உணர்வாக மாறுகிறது. நீங்கள் ரசித்த அகலம் அதுதான். ஆனால் போனில் ஒரே ஸ்பீக்கர், அல்லது விரல் நீளத்துக்குள் இரண்டு. அங்கே இரண்டு சேனலும் ஒன்றாகக் கலக்கின்றன. ஒரு மில்லி செகண்ட் தள்ளிய ஒரே ஒலி தன்னோடு தானே கூடும்போது 500 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அடுத்து 1,500-இல், 2,500-இல், இப்படியே மேலே போகும். நடுவில் 1,000, 2,000 ஹெர்ட்ஸில் மேடு கட்டும். உங்கள் அமைப்பில் இரண்டு மைக்கிலும் வீணையின் சத்தம் கிட்டத்தட்ட சமம் என்பதால் பள்ளம் ஆழமாகவே விழும். வீணையின் கனம் இருக்கிற இடத்தில்தான் அந்த முதல் பள்ளம். பாட்டு நேர் நடுவில் இருப்பதால் தப்பித்தது. மிருதங்கத்துக்கும் இதே கதிதான், ஆனால் அடித்தவுடன் மடிகிற சொல் என்பதால் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. நீண்டு ஒலிக்கிற தந்தி காட்டிக்கொடுத்துவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஸ்ருதிப் பெட்டியை ஓடவிட்டு, மகள் உட்காரும் இடத்தில் தரையில் வையுங்கள். சாஃப்ட்வேரில் மோனோ பட்டனை (இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலப்பது) அழுத்தி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இடது ஸ்டாண்டை மெதுவாக ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்ருதியின் நிறம் சுழன்று சுழன்று மாறும். ஒரு இடத்தில் மூக்கடைத்த மாதிரி, இன்னொரு இடத்தில் தகர டப்பா மாதிரி. பெட்டி மாறவில்லை, மைக் மாறவில்லை, தூரம் மட்டும்தான் மாறியது. இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டால் அப்புறம் எந்த வீடியோ என்ன சொன்னாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்வீர்கள்.

சரி, முறைகளுக்கு வருவோம். ஒரு ஒலி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஸ்டீரியோவில் இரண்டே வழியில் காட்ட முடியும்: ஒரு பக்கம் சத்தம் கூடுதலாக இருக்கவேண்டும், அல்லது ஒரு பக்கம் முன்னதாக வரவேண்டும். இரண்டு மைக்கையும் ஒரே புள்ளியில் வைத்து வேறுவேறு திசை பார்க்கவைத்தால் சத்த வித்தியாசம் மட்டும் கிடைக்கும்; எக்ஸ்-ஒய், மிட்-சைட், பிளம்லைன் மூன்றும் அந்த வகை. மைக்குகளைத் தள்ளி வைத்தால் நேர வித்தியாசம், அது ஏ-பி. சின்ன இடைவெளி, கொஞ்சம் கோணம் என்று இரண்டையும் கலந்தால் ஓ.ஆர்.டி.எஃப் வகை. இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ கம்பெனியின் இன்ஜினியர் ஆலன் பிளம்லைன் 1931 டிசம்பரில் பதிந்த காப்புரிமையிலேயே முதல் வகையின் அடிப்படை முழுவதும் இருக்கிறது. பிரெஞ்சு அரசு வானொலிக்காரர்கள் பிறகு தங்களுக்கென்று ஒரு அளவை வைத்துக்கொண்டார்கள்: இரண்டு கார்டியாய்டு, கேப்சூலுக்குக் கேப்சூல் (மைக்கில் ஒலியை வாங்கும் பகுதி) 17 செ.மீ, நடுவில் 110 டிகிரி. ஓ.ஆர்.டி.எஃப் என்பது அந்த நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம், அவ்வளவுதான். டச்சு வானொலி அளவு 30 செ.மீ, 90 டிகிரி. இவற்றில் எதுவும் வேதவாக்கு அல்ல. அவரவர் அரங்குக்கு அவரவர் கண்டுபிடித்த அளவுகள்.

யூடியூபில் யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறைக்கும் ஒரு பதிவுக் கோணம் இருக்கிறது. அந்தக் கோணத்துக்குள் இருப்பவர்கள் கேட்கும்போது இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் நடுவில் பரவலாக உட்காருவார்கள். ஆட்கள் அந்தக் கோணத்தைவிட ரொம்பக் குறுகலாக இருந்தால் எல்லாரும் நடுவில் குவிந்துவிடுவார்கள். அதைத் தாண்டினால் ஓரத்து ஆள் ஸ்பீக்கருக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்வார். குரூப் போட்டோ எடுப்பவர் லென்ஸை மாற்றுவதா, இரண்டடி பின்னால் போவதா என்று யோசிப்பது போலத்தான் இது. 17 செ.மீ, 110 டிகிரிக்குப் பதிவுக் கோணம் சுமார் 95 டிகிரி. 90 டிகிரியில் வைத்த எக்ஸ்-ஒய் கார்டியாய்டுக்கு அது 180 டிகிரிக்கும் மேலே. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். எக்ஸ்-ஒய்யில் மைக் பார்க்கும் கோணம் 90 என்பதால் 90 டிகிரிக்குள் ஆட்களை உட்காரவைத்தால் சரி என்று நினைக்கிறார்கள். பிறகு கேட்டுவிட்டு, "எக்ஸ்-ஒய் குறுகலா இருக்கு, நல்லா இல்ல" என்கிறார்கள். முறையில் குற்றமில்லை. அரை வட்டத்தை எடுக்கிற அமைப்பை மூன்று பேருக்கு நேராக வைத்தால் அவர்கள் நடுவில்தான் சுருங்கி நிற்பார்கள்.

உங்கள் மூன்று பேரும் ஓரத்திலிருந்து ஓரம் வரை சுமார் 2 மீட்டர் என்று வையுங்கள். 2 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஸ்டாண்டுக்கு அது 53 டிகிரிதான். 1.2 மீட்டருக்கு வந்துவிட்டால் 80 டிகிரி. அந்த 80 டிகிரி ஓ.ஆர்.டி.எஃப்பின் 95-க்குள் நன்றாக அடங்கும். ஓரத்திலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். போனில் என்ன ஆகும்? அதே குடத்துக்கு இப்போது இரண்டு மைக்குக்கும் தூர வித்தியாசம் சுமார் 8 செ.மீ. முதல் பள்ளம் 500 ஹெர்ட்ஸிலிருந்து 2,000-க்கு மேலே ஏறிவிடுகிறது. அது மட்டுமல்ல, இடது மைக் வேறு பக்கம் பார்ப்பதால் அதில் வீணை நான்கைந்து டெசிபல் குறைவாகவே விழும். சமமில்லாத இரண்டு ஒலி முழுதாக அழித்துக்கொள்ள முடியாது, அதனால் பள்ளமும் ஆழமில்லை. அடிநாதம் பத்திரம். மேலே கொஞ்சம் பளபளப்பு குறையலாம். பாட்டி அதைக் கவனிக்கமாட்டார் என்று நினைக்கிறேன், ஆனால் அவர் காதைப் பார்த்தால் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் மைக்குகளுக்கும் உங்கள் ஹாலுக்கும் என் முதல் தேர்வு ஓ.ஆர்.டி.எஃப், 1.2 மீட்டர் தூரத்தில். கேட்கிறவர்கள் எல்லாருமே போன்தான் என்றால் எக்ஸ்-ஒய். கோணத்தை 90-இல் விடாமல் 120 வரை திறந்து வையுங்கள். இரண்டு கேப்சூலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே புள்ளியில் இருந்தால் மோனோவில் அழிவதற்கு ஒன்றுமே இல்லை. இது கணக்கு, கருத்து அல்ல. ஆனால் எக்ஸ்-ஒய்க்கு ஒரு விலை உண்டு. நடுவில் இருக்கும் டீச்சரை இரண்டு மைக்குமே நேராகப் பார்ப்பதில்லை. விலை குறைந்த கார்டியாய்டுகள் பக்கவாட்டில் வரும் ஒலியின் மேல் ஸ்தாயியை மங்கலாக்குவது வழக்கம், அதனால் முக்கியமான குரலே கொஞ்சம் போர்வை போர்த்திக் கேட்கலாம். ஓ.ஆர்.டி.எஃப்பிலும் இது இருக்கிறது, 55 டிகிரி விலகல். உங்கள் மைக் இதில் எப்படி என்பதை அரை நிமிஷத்தில் தெரிந்துகொள்ளலாம்: மைக் முன்னால் பேசிக்கொண்டே அதை மெதுவாகப் பக்கம் திருப்புங்கள். சத்தம் மட்டும் குறைந்தால் நல்ல மைக். "ச", "ஸ" எல்லாம் மழுங்கினால் பாடுகிறவரை அந்தப் பக்கத்தில் வைக்கக்கூடாது.

மிட்-சைட் பற்றி ஆசையாகக் கேட்டிருந்தீர்கள். அழகான முறை. ஒரு மைக் நேரே பாடுகிறவரைப் பார்க்கும். எட்டு வடிவில் இரண்டு பக்கமும் கேட்கும் இன்னொரு மைக் குறுக்காக, இடமும் வலமும் பார்க்கும். முதலாவதையும் இரண்டாவதையும் கூட்டினால் இடது சேனல், கழித்தால் வலது சேனல். அகலத்தைப் பதிவு முடிந்தபிறகு கூட்டலாம் குறைக்கலாம். மோனோவாகக் கலந்தால் குறுக்கு மைக் முழுதாக ரத்தாகி, நேரே பார்த்த மைக் மட்டும் மிஞ்சும். வானொலிக்கு, போனுக்கு இதைவிடப் பத்திரமான முறை இல்லை. ஆனால் அதற்கு எட்டு வடிவ மைக் ஒன்று வேண்டும், உங்களிடம் இல்லை. முதுகோடு முதுகாக இரண்டு கார்டியாய்டை வைத்து ஒன்றின் துருவத்தை (பிளஸ்-மைனஸை) தலைகீழாக்கி எட்டு வடிவம் செய்யலாம். அப்புறம் நடுவுக்கு மூன்றாவது மைக்கும் மூன்றாவது இன்புட்டும் தேவைப்படும். இதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள். இரண்டு எட்டு வடிவ மைக்கைக் குறுக்கே வைக்கிற பிளம்லைன் முறை முன்பக்கம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு பின்பக்கமும் கேட்கும். டைல் தரையும் மொட்டைச் சுவரும் உள்ள ஹாலில் அது சுவரைப் பதிவு செய்வது போல ஆகிவிடும்.

ஏ-பி கெட்ட முறை என்று நான் சொல்லவரவில்லை. எல்லாத் திசையும் கேட்கும் ஆம்னி மைக் இரண்டை இடைவெளி விட்டு வைத்து, நல்ல அரங்கில் எடுத்தால் கிடைக்கிற விரிவும் அடிநாதமும் வேறு எந்த முறையிலும் வராது; இது என் ருசி, ஆனால் பலருடைய ருசியும்கூட. இரட்டைக் கோபுரத்துக்குள் 1998-இல் திறந்த டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் மாதிரி அரங்கில் இசைக்குழுவுக்கு முன்னால் ஆம்னிகளை உயர்த்தி வைத்தால், அரங்கமே ஒரு வாத்தியமாகக் கூட வாசிக்கும். டெக்கா கம்பெனி 1950-களில் மூன்று ஆம்னிகளை முக்கோணமாகத் தொங்கவிட்டு ஆர்கெஸ்ட்ரா எடுத்ததும் அப்படிப்பட்ட அரங்குகளில்தான். உங்கள் வீட்டு ஹாலில் ஆம்னி கேட்கப்போவது ஃப்ரிட்ஜையும் கூரையையும். அப்புறம், "மூன்றுக்கு ஒன்று விதி" என்று ஒன்று சொல்கிறார்களே, மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு இடைவெளி வேண்டும் என்று. அது ஆளுக்கொரு மைக் வைக்கும்போது ஒன்றின் ஒலி மற்றதில் கசியாமல் இருக்கச் சொன்னது. ஸ்டீரியோ ஜோடிக்கு அது பொருந்தவே பொருந்தாது. 

முறையைவிட முக்கியமானது உட்காரும் விதம். கச்சேரி மேடையில் உட்காருவது சபைக்காக. வீட்டில் மைக்குக்காக உட்காரலாம், ஏன் என்று யாரும் கேட்கப்போவதில்லை. மூன்று பேரையும் நேர்கோட்டில் வைக்காமல் லேசான பிறை வடிவில் வையுங்கள். வீணை பாவம், சத்தம் குறைவு. மிருதங்கம் அப்படியா? இரண்டு மைக்கில் எடுக்கும்போது பின்னால் தனித்தனியாகச் சத்தம் ஏற்றி இறக்க முடியாது. தூரம்தான் உங்கள் மிக்ஸர். நேராக வரும் ஒலி, தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் குறையும். வீணையையும் பாட்டையும் அங்கேயே வைத்துவிட்டு மிருதங்கத்தை மட்டும் அரை மீட்டர் பின்னால் தள்ளினால் ஏறக்குறைய மூன்று டெசிபல் இறங்கும். காதுக்கு அது நன்றாகவே தெரியும். இன்னும் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம். ரொம்பத் தள்ளினால் நேர் ஒலி குறைந்து ஹாலின் எதிரொலி மேலோங்கும், மிருதங்கம் பக்கத்து அறையில் இருப்பது போல் ஆகும். அந்த எல்லை எங்கே என்று உங்கள் ஹால்தான் சொல்லும்.

மிருதங்கம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வலக்கைக்காரர் பாடகரின் வலப்பக்கம், பாடகரைப் பார்த்து உட்கார்ந்தால் வலந்தலை (மிருதங்கத்தில் வலக்கை வாசிக்கும் முகம்) சபையைப் பார்க்கும். நம் முன்னோர் காரணமாகத்தான் வைத்திருக்கிறார்கள். பழநி சுப்பிரமணிய பிள்ளை போல இடக்கைக்காரர் என்றால் பக்கம் மாறவேண்டும். வீட்டில் பையன்கள் பெரும்பாலும் கேமராவைப் பார்த்து நேராக உட்காருவார்கள். அப்போது வலந்தலையின் மீட்டு, சாப்பு எல்லாம் மைக்குக்குப் பக்கவாட்டில் போய்விடும். உடம்பைக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள், உடனே தெளிவு வரும். தொப்பியில் (இடக்கை வாசிக்கும் முகம்) அப்பிய ரவை, ஃபேன் காற்றில் காயக் காய அதன் ஒலி மேலே ஏறும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதை ஒருமுறை தட்டிக் கேட்காவிட்டால், முதல் கீர்த்தனையிலும் கடைசியிலும் தொப்பி வேறுவேறாக இருக்கும். அதை எந்த மைக் முறையும் காப்பாற்றாது.

வீணையில் நாதம் வருவது குடத்தின் மேல் பலகையிலிருந்து. மெட்டுகளின் மேல் விரல் உரசுகிற சத்தம் தண்டிப் பக்கமிருந்து. மைக் ஸ்டாண்டை 1.1 அல்லது 1.2 மீட்டர் உயரத்தில் வைத்து லேசாகக் கீழே பார்க்கவிட்டால் பலகை தெரியும். தரையோடு தாழ்த்தி வைத்தால் குடத்தின் பக்கவாட்டுதான் தெரியும். மகளை ஒரு நாலு விரல் அளவு திருப்பி, பலகை ஸ்டாண்டைப் பார்க்கும்படி செய்தாலே எதையும் ஏற்றாமல் வீணை முன்னால் வரும். ஸ்ருதிப் பெட்டியைப் பாடுகிறவருக்குப் பின்னால், நடுக்கோட்டில், குறைந்த சத்தத்தில். அது ஒரு மைக்குக்கு அருகில் இருந்தால் பதிவு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்த உணர்வு வரும், காரணம் புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஹாலைப் பற்றி: நடுவில் நின்று பலமாக ஒரு கைதட்டுங்கள். "ட்ர்ர்" என்று ஒரு நடுக்கம் கேட்டால் எதிரெதிர்ச் சுவர்கள் பந்து விளையாடுகின்றன. நம் டெரஸ் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். சோஃபாவை ஒரு சுவர் பக்கம், மெத்தையை நிமிர்த்தி எதிர்ச்சுவர் பக்கம், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஆட்களுக்கும் மைக்குக்கும் நடுவில் கெட்டியான கம்பளம். தரையில் பட்டுத் திரும்பும் ஒலியும் நேர் ஒலியோடு சேர்ந்து மேலே சொன்ன அதே பள்ளங்களைத் தோண்டும் என்பதால் அந்தக் கம்பளம் அலங்காரத்துக்கு அல்ல. முட்டை அட்டை ஒட்டவேண்டாம், பிரயோஜனமில்லை. ஏர்கோன், ஃபேன், ஃப்ரிட்ஜ் மூன்றும் நிற்கட்டும். ஃப்ரிட்ஜை மறுபடி போட மறக்காமல் இருக்க கார் சாவியை அதற்குள் வைப்பது என் வழக்கம். மதியத்துக்கு மேல் மழை இறங்கினால் ஜிங்க் கூரைச் சத்தத்தை எந்த சாஃப்ட்வேரும் சுத்தமாக எடுக்காது, காலையில் எடுங்கள். ரொட்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் நேரம் உங்களுக்கே தெரியும். இங்கே பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடிகளில் எனக்கு மோனோரயில் தொல்லை. அந்த உறுமலைக் குறைக்க லோ-கட் (அடி ஒலியை வெட்டும் ஃபில்டர்) போடுவேன், ஆனால் 80 ஹெர்ட்ஸில் வெட்டினால் தொப்பியும் கூடவே மெலியும். 40-க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வைக்கும்போது 17 செ.மீ என்பது கேப்சூலிலிருந்து கேப்சூலுக்கு, மைக் உடம்புக்கு அல்ல. ஒரே ஸ்டாண்டில் மாட்டும் ஸ்டீரியோ பார் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. ஒரு சென்டிமீட்டர் கூடினால் குறைந்தால் பரவாயில்லை. இரண்டு மைக்கின் கெயினும் (இண்டர்ஃபேஸில் சத்தத்தை ஏற்றும் அளவு) சமமாக இருப்பதுதான் பெரிய விஷயம். குமிழ்களைக் கண்ணால் ஒப்பிடாதீர்கள், நம்பமுடியாது. ஒருவரை நேர் நடுவில் நிற்கவைத்துப் பேசச்சொல்லி, குரல் ஹெட்ஃபோனில் மூக்குக்கு நேராக வரும்வரை ஒரு குமிழைத் திருகுங்கள். அப்புறம் இடது மைக்கைச் சுரண்டி "இடது" என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். மாறிப்போன கேபிள் எத்தனையோ கச்சேரிகளைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஆக்கியிருக்கிறது. 24 பிட்டில், தனி ஆவர்த்தனத்தின் உச்சம் மைனஸ் 10, 12 டெசிபலில் நிற்கும்படி வைத்தால் போதும். சேனல்களை முழு இடம், முழு வலம். நடுநடுவே மோனோ பட்டன்.

மகள் வீணை மட்டும் தனியாக வாசிக்கும்போது அதே ஓ.ஆர்.டி.எஃப்பை அரை மீட்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த நெருக்கத்தில் குடம் ஒரு காதில், விரல் சத்தம் மறு காதில் என்று வீணை ஹால் அளவுக்கு நீண்டுவிடும். மகள் அசைந்தால் வீணையும் அசையும். நெருங்கவேண்டும் என்றால் எக்ஸ்-ஒய், அல்லது தைரியமாக ஒரே மைக். ஒரே மைக்கில் எடுப்பது குறை அல்ல. நம் பெரிய வித்வான்களின் பழைய வானொலிப் பதிவுகள் மோனோதான், அவற்றில் நாதத்துக்கு என்ன பஞ்சம்? மிருதங்கம் தனியாக என்றால், தலைக்கு ஒன்றாக இரண்டு மைக் வைப்பவர்கள் உண்டு. அப்போது ஒன்றின் துருவத்தைத் தலைகீழாக்கிக் கேட்டுப்பாருங்கள். எதில் தொப்பி கனக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சேனல்களை முழுதாகப் பிரிக்காமல் நடுவுக்குக் கொஞ்சம் இழுத்து வையுங்கள், இல்லையென்றால் ஒரு மிருதங்கம் இரண்டு ஆளாகக் கேட்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் நாதஸ்வரம், தவில், உறுமி எடுக்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது வேறு உலகம். கூட்டத்தில் ஸ்டாண்டே வேண்டாம், எக்ஸ்-ஒய் மைக் பதிந்த கைரெக்கார்டர், காற்றுக்குப் பஞ்சுறை, கெயினை நீங்கள் நினைப்பதைவிட நன்றாகக் குறைத்து. நாதஸ்வரத்தின் அணசுக்கு (விரிந்த அடிவாய்க்கு) நேரே நீட்டாதீர்கள்; ஒலி துளைகளிலிருந்தும் வருகிறது, சற்று ஒதுங்கி நின்றால் இரண்டும் கலந்து கிடைக்கும்.

கண்டென்சர் மைக்குக்கு நம் ஈரப்பதம் ஆகாது. "பட் பட்" என்று பொரிகிற சத்தம் வந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா போதும், கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ட்ரை கேபினட் இருந்தால் இன்னும் நல்லது. ஏர்கோன் அறையிலிருந்து நேராக வெளிக்காற்றுக்கு எடுத்துவந்து உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். கண்ணாடியில் பனி படிகிற மாதிரி உள்ளேயும் படியும்.

கடைசியாக, ஏற்கெனவே எடுத்த பதிவு. அதைத் தூக்கிப்போட வேண்டாம். ஈக்வலைசரால் சரிசெய்ய முயலாதீர்கள்; பள்ளங்கள் மேலே வரை வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றாக நிரப்ப முடியாது, நிரப்பினாலும் நடுவில் நன்றாக இருக்கிற பாட்டு கெட்டுவிடும். வலது சேனலைச் சுமார் ஒரு மில்லி செகண்ட் தாமதப்படுத்தினால் மோனோவில் வீணை நிமிர்ந்துவிடும், ஆனால் அந்தத் தாமதம் பாட்டையும் மிருதங்கத்தையும் பதம் பார்க்கும். செய்து பார்த்தால் உங்களுக்கே கேட்கும். அதனால் ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கு இப்போதுள்ள ஸ்டீரியோ அப்படியே இருக்கட்டும். பாட்டிக்கு வலது சேனலை மட்டும் எடுத்து மோனோ ஃபைலாக அனுப்புங்கள், வாய்ஸ் நோட்டாக அல்ல. மிருதங்கம் கொஞ்சம் பின்வாங்கும், வீணை முழுதாக வரும். அப்படியும் நாதம் இல்லை என்று சொன்னால் இரண்டு சேனலிலிருந்தும் ஒரு அரை நிமிஷத்தைச் சுருக்காத ஃபைலாக இங்கே போடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.